பிரசாதத்தில் முதன்மை உண்டோ?

உத்ஸவம் ஸேவிக்க எழுந்தருளியிருக்கும் பாகவதர்கள் யாவரும் திருமடைப்பள்ளிப் பிரசாதத்தைக் கையேந்திப் பெறுகின்றனர். அந்த ஒரு பிடி அன்னம், அதைப் பெறுபவன் யார் என்று சொல்கிறது? இஃது ஆராயத்தக்க கேள்வி.

மனித குலத்தின் வழக்கங்களை ஆராயும் மானிடவியலார் உணவைச் சமூகத்தின் கண்ணாடியாகக் கொள்வர். மெக்கிம் மாரியட் என்னும் அமெரிக்க அறிஞர், உத்தரப் பிரதேசக் கிராமம் ஒன்றில் யார் யாரிடம் உணவு ஏற்பர், யாரிடம் ஏலார் என்று கணக்கிட்டு 1968-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அளிப்பவர் மேல், ஏற்பவர் கீழ் என்பதே அவர் கண்டது. பிறர் உண்டு மிகுந்ததை ஏற்பவர் நிலை இன்னும் தாழ்ந்தது.

திருக்கோயிலிலோ இக்கணக்குத் தலைகீழாகிறது. விஜயநகர அரசர் காலத்தில் பலர் திருமலையில் பொன்னும் நிலமும் ஸமர்ப்பித்தனர். அப்பொருளால் கோயிற் கிராமங்களில் ஏரி, கால்வாய்களைச் சீர்செய்து, பெருகிய விளைவைக்கொண்டு திருவமுது நடத்தப்பட்டதை பர்ட்டன் ஸ்டைன் என்ற அறிஞர் 1960-ல் விளக்கினார். அமுது செய்த பிரசாதத்தில் நாலிலொரு பங்கு, 'விட்டவன் விழுக்காடு' என்ற பெயரால் கொடுத்தவனுக்குச் சேரும் என்று கல்வெட்டுகள் கூறும். எத்துணைப் பெரிய தாதாவாயினும், தான் கொடுத்த அன்னத்தையே எம்பெருமானுடைய சேஷமாகக் கையேந்தி ஏற்றான். ஊரில் தாழ்வைத் தரும் மிச்சம், இங்கே பாவனமாயிற்று.

சேஷம் என்ற வடசொல்லுக்கு மிச்சம் என்பது பொருள். எம்பெருமானார் தரிசனத்திலோ, மற்றொருவர்க்குப் பெருமை சேர்ப்பதற்கென்றே இருக்கும் வஸ்துவையும் அச்சொல் குறிக்கும். எம்பெருமான் சேஷி, ஆத்மாக்கள் அனைத்தும் அவனுக்குச் சேஷம். ஆகவே பிரசாதம் ஸ்வீகரிப்பவன், "நான் சேஷன்" என்று தன் ஸ்வரூபத்தையே ஒப்புக்கொள்கிறான்.

ஆயின், தீர்த்தமும் பிரசாதமும் வரிசைப்படியன்றோ வழங்கப்படுகின்றன என்று ஆட்சேபம் எழலாம். இம்மரியாதைகளின் பங்கீட்டில் அதிகாரம் உறைவதை அர்ஜுன் அப்பாதுரையும் கரோல் பிரெக்கன்ரிட்ஜும் 1976-ல் எடுத்துக்காட்டினர். திருவல்லிக்கேணி ஸ்ரீ பார்த்தசாரதி ஸ்வாமி திருக்கோயிலைப் பற்றி அப்பாதுரை 1981-ல் வெளியிட்ட நூல், ஆங்கிலேயர் ஆட்சியில் கோயிற் பூசல்கள் நீதிமன்றம் ஏறிய வரலாற்றை விரித்துரைக்கும். அன்றியும், சென்னை மாகாணத்தில் 1939-லும் 1947-லும் ஆலயப் பிரவேசச் சட்டங்கள் வரும்வரை, அதே சேஷியின் சேஷபூதர்களிற் பலர் மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர். இவை நடந்தவை, அயலார் கூற்று என்று தள்ளுதல் தகாது.

வரிசை வேறு, முதன்மை வேறு. பலர் கூடுமிடத்தில் ஒருவர் பின் ஒருவராகவே பெற இயலும். ஆசார்ய புருஷர்களுக்கு முதலில் ஸாதிப்பதும் ஆசார்யனுக்குச் செய்யும் உபசாரமே. ஆனால் அதனை "என் உரிமை" என்று பற்றுமவன், தன் கையிலுள்ள அன்னத்தின் பொருளையே மறுத்தவனாகிறான். சேஷனுக்கு 'எனது' என்பது ஏது? பூரி ஜகந்நாத க்ஷேத்திரத்தில் ஜாதி பாராது ஒருங்கே அமர்ந்து மஹாபிரசாதம் உண்ணும் மரபு இதையன்றோ உணர்த்துகிறது!

ஆகவே அன்பர்காள், கோஷ்டியில் முந்தி நிற்க முயல வேண்டா. கடைசியில் நிற்கும் அடியார்க்கும் எஞ்சுமாறு ஒரு கவளம் குறைத்துப் பெறுவோமாக. அதுவே எம்பெருமான் திருவுள்ளம் உகக்கும் கைங்கர்யம்.