கேட்கப்படாத தந்தை

குந்தி தன் தலைப்பிள்ளையைப் பேழையிலிட்டு ஆற்றில் விட்டபொழுது கதிரவனின் இசைவைக் கேட்டாளா என்று நம் காலட்சேபக்காரர் எவரும் வினவியதில்லை. அதிரதனும் இராதையும் குழந்தையை எடுத்து வளர்த்தனர். கதை மேலே சென்றது. கவச குண்டலங்களைக் கொடுத்துவிடாதே என்று கனவில் வந்து கதிரவன் எச்சரித்ததோ, மகன் பெருவீரனாக வளர்ந்த பின்பு! காலங்கடந்து வரும் தந்தைக்கு என்ன உரிமை உண்டு?

நம் நாட்டுச் சட்டம் பெரும்பாலும் குந்தியின் பக்கமே நிற்கிறது. மணவுறவின்றிப் பிறந்த குழந்தைக்கு முதற் காப்பாளர் தாயே, அவளுக்குப் பின்னரே தந்தை என்பது 1956ஆம் ஆண்டு இந்துச் சட்டம். தத்துக்காகக் குழந்தையை ஒப்படைக்கும் விதிகளும் அவ்வாறே. மணமான இணையர் எனில் இருவரும் கையொப்பமிட வேண்டும். மணமாகாதவள் எனில் அவள் ஒருத்தியின் கையொப்பமே போதும். மனம் மாறி மீட்டுக்கொள்ள 60 நாள் தவணை உண்டு. தந்தையைத் தேடிச் சொல்லும் கடமை எவருக்கும் இல்லை.

இதில் நியாயம் இல்லாமலில்லை. சுமந்தவள் அவள், ஊரார் பழியை ஏற்றவள் அவள். கைவிட்டு ஓடியவனின் இசைவு வேண்டும் என்றால், அவன் கையில் மேலும் ஓர் ஆயுதத்தைக் கொடுத்ததாகும்.

தில்லியிலும் மும்பையிலும் பள்ளிப் படிவங்களில் ‘தந்தை பெயர்’ என்ற கட்டத்தைத் தயக்கமின்றி நிரப்பியவர்கள் நாம். அதே தில்லியில் மணமாகாத தாய் ஒருவர், 2010இல் பிறந்த தம் மகனைச் சேமிப்புக்கு நாமினியாக்க விரும்பினார். தந்தை பெயரைச் சொல், அன்றேல் காப்பாளர் சான்று கொண்டுவா என்றனர். சான்று கேட்டு நீதிமன்றம் சென்றால், தந்தைக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்றனர். கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் கைவிட்டன. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நீதிபதி விக்ரம்ஜித் சென் வாயிலாக, பெயரும் வேண்டா, அறிவிப்பும் வேண்டா என்றது. நல்ல தீர்ப்பு.

ஆயினும் ஒன்றைக் கருத வேண்டும். காப்பாளர் ஆணை என்றும் மாற்றத்தக்கது. பிள்ளைமேல் மெய்யான அக்கறையோடு பின்னர் ஒரு தந்தை வந்தால் அவன் முறையிடலாம் என்பதை அத்தீர்ப்பே ஏற்றது. தத்து அப்படியன்று. முறைப்படி முடிந்த தத்தை எளிதில் கலைக்க இயலாது. திறந்துவைத்த கதவுக்குச் சொன்ன நியாயத்தைப் பூட்டிவிட்ட கதவுக்கும் சொல்லலாகுமா?

அமெரிக்கர் இவ்வினாவோடு நெடுநாள் போராடியவர்கள். இல்லினாய் மாநிலத்தில் மணமின்றியே ஒருத்தியோடு 18 ஆண்டுகள் விட்டும் தொட்டும் வாழ்ந்து மூன்று மக்களைப் பெற்றவனிடமிருந்து, அவள் இறந்ததும் அரசு அம்மக்களை எடுத்துக்கொண்டது. அவனை விசாரியாமல் அது தகாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1972இல் கூறிற்று. 1983இல் நியூயார்க் வழக்கு வந்தது. தாய் வேறொருவரை மணந்தாள். புதுக் கணவர் இரண்டு வயதைக் கடந்த குழந்தையைத் தத்தெடுத்தார். பெற்றவனுக்கு அறிவிப்பில்லை. தந்தை எனக் கருதப்படுவோர் பதிவேட்டுக்கு அவன் ஓர் அஞ்சலட்டை போட்டிருக்கலாமே என்றனர் பெரும்பான்மை நீதிபதிகள். அவனோ தாய் தன்னிடமிருந்து ஒளிந்தாள், தேடித் தேடி அலைந்தேன் என்றான். வேறொரு நீதிமன்றத்தில் அவன் வழக்கிட்டிருந்ததை அறிந்தே தத்து ஆணையில் நீதிபதி கையெழுத்திட்டார் என்பதைப் படிக்கையில், அந்த அஞ்சலட்டை வாதம் எனக்குக் கசக்கவே செய்கிறது.

குருதியால் மட்டும் இசைவுரிமை பிறக்காது; தாலி கட்டாமையால் அது அழிந்தும் போகாது. அவன் என்ன செய்தான் என்பதன்றோ அளவுகோல்? பேறுகாலத்தில் உடன் நின்றானா, செலவேற்றானா, மறைக்கப்பட்டபோது தேடினானா? அந்த 60 நாளுக்குள் தானாக வந்து ‘நான் வளர்ப்பேன்’ என்பவனை உட்கார வைத்துக் கேட்கட்டும். தடுக்கும் அதிகாரம் வேண்டா. கேட்கப்படும் உரிமை போதும். வன்முறைக்கு அஞ்சி மறைந்தவளின் இருப்பிடத்தை மட்டும் எக்காரணத்தாலும் அவனுக்கு வெளியிடலாகாது.

தவணை கழிந்து, குழந்தை வேறொரு வீட்டில் பெயர்பெற்று, வேறொருத்தியை அம்மா என்றழைத்த பின் வருபவன் உண்மையே சொன்னாலும், அந்த வீட்டுக் கதவை அவனுக்குத் திறந்துவிட என் மனம் ஒப்பவில்லை.