ஆஸியா என்னும் பெயர்



ஆஸியா பீவி, ஆஸியா உம்மாள் என்று பாட்டிமார் காலந்தொட்டு நம் வீடுகளில் பெயரிட்டு வருகிறோம். இந்தப் பெயரை நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மாற்றிவிட்டதாக ஹதீஸ் இருக்கிறதாமே, மகளுடைய பெயரை மாற்றிவிடட்டுமா என்று பதறிக் கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள். பள்ளிக்கூடச் சான்றிதழில் ஏறிவிட்ட பெயர். கலியாண வயதுப் பெண். அவளிடம் போய் உன் பெயருக்குப் பாவி என்று அர்த்தம் என்றால், அந்தப் பிள்ளையின் மனம் என்ன பாடுபடும்!

ஹதீஸ் உண்மைதான். ஹள்ரத் உமர் (ரலி) அவர்களின் மகள் ஒருவருக்கு இருந்த பெயரை நாயகம் (ஸல்) அவர்கள் மாற்றி, ஜமீலா என்று சூட்டினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இப்னு உமர் (ரலி) அவர்கள் இதை அறிவிக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயர் ஐன், ஸாத் எழுத்துக்களால் ஆனது. மாறு செய்பவள் என்று பொருள். பாவத்தை மஃஸியத் என்கிறோமே, அதே மூலம்தான். நம் பெண்களின் பெயரோ அலிப், ஸீன் கொண்டு எழுதப்படுவது. புண்ணுக்கு மருந்திடுவதையும், துயருற்றவரைத் தேற்றுவதையும் அந்தச் சொல் குறிக்கும். வைத்தியரை அரபியில் ஆஸீ என்பதுண்டு.

தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அரபுத்தமிழில் எழுதிய நம் முன்னோருக்கு இந்தக் குழப்பமே இல்லை. போதாக்குறைக்கு, பதிவேடுகளில் ‘ஆசியா’ என்று எழுதிப் பூகோளப் புத்தகத்துக் கண்டத்தையும் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறார்கள்!

இந்தப் பெயருக்குரிய மாதரசி பிர்அவ்னின் மனைவி, முஸாஹிமின் மகள். குர்ஆன் ஷரீபில் அன்னாரின் வரலாறு உண்டு, பெயர் இல்லை. பெயர் ஹதீஸில்தான் வருகிறது. ஆற்றில் வந்த குழந்தை மூஸா (அலை) அவர்களைக் கொல்ல வேண்டாம் என்று தடுத்தவர்கள் அவர்களே. நானே ரப்பு என்று கொக்கரித்தவனின் அரண்மனையில் இருந்துகொண்டே, சுவனத்தில் தமக்கொரு வீடு கேட்டும், அவனிடமிருந்து விடுதலை கேட்டும் அல்லாஹ்விடம் துஆச் செய்தார்கள். ஸூரத்துத் தஹ்ரீம் 11-ஆம் ஆயத்தைப் பாருங்கள். ஈமான் கொண்ட அனைவருக்கும், ஆம், ஆண்களுக்கும் சேர்த்துத்தான், அல்லாஹ் அந்தப் பெண்மணியை உதாரணமாக்குகிறான். பெண்களில் பரிபூரணம் அடைந்தவர்களாக மர்யம் (அலை) அவர்களோடு ஆஸியா (அலை) அவர்களையும் நாயகம் (ஸல்) அவர்கள் குறிப்பிட்டது புகாரியில் பதிவாகியிருக்கிறது.

இப்படிப்பட்ட பெயரை ஏன் மாற்ற வேண்டும்? நிக்காஹ் பதிவுப் புத்தகத்தில் அரபியில் எழுதும்போது மட்டும், அலிபின் மேல் மத்துக் குறியிட்டு, ஸீன் போட்டு எழுதச் சொல்லுங்கள்.