கணனியும் அயலிசையும்: கேட்போன் கடப்பாடு பற்றி ஒரு நோக்கு

இசை கேட்டல் பற்றி ஒழுக்கவியல் வினா எழுப்புவது பலருக்கு வியப்பளிக்கக்கூடும். ஒருவன் தன் அறையில் தனித்திருந்து ஒரு பாடலைக் கேட்பதனால் எவருக்கு என்ன தீங்கு நேரும்? பிடித்தால் கேட்கிறான், பிடிக்காவிடின் விட்டுவிடுகிறான். இதில் நன்மை தீமைக்கு இடமேது? பொதுவாக நாம் இவ்வாறே எண்ணிவிடுகிறோம். ஆயினும், கணனி நம் கைக்கு வந்தபின் கேட்டல் என்ற செயலின் தன்மையே மாறியிருக்கின்றது. முன்னர் ஓர் ஊரின் இசை அவ்வூராருக்கே உரியதாயிருந்தது. இன்று உலகின் எந்த மூலையில் எழுந்த ஒலியும் ஒரு விரலசைவில் நம்மிடம் வந்து சேர்கின்றது. இவ்வளவு எளிதாக வந்து சேரும் ஒன்றைப் பெறுவோனுக்குக் கடப்பாடு ஏதும் உண்டா என்பதே இக்கட்டுரை ஆராய முனையும் வினாவாகும்.

இவ்வினா எனக்கு நூல்களிலிருந்து மட்டும் எழுந்ததன்று. கணனிமீதும் பழக்கமில்லாத இசைகள்மீதும் எனக்குள்ள ஈடுபாடு சிறிதன்று. கலைப்பீட மாணவருக்குக் கணனி எதற்கு என்று கேட்போரும், விளங்காத மொழியிற் பாடுவதைக் கேட்டு என்ன பயன் என்று கேட்போரும் உளர். இவ்விரு ஈடுபாடுகளும் உண்மையில் ஒரே ஊற்றிலிருந்து பிறப்பன என்பதே என் எண்ணம். புறத்தே மயக்கமாகத் தோன்றுவதன் உள்ளே ஓர் ஒழுங்கு இருக்கும் என்ற நம்பிக்கையே அவ்வூற்று.

எண்ணுக்கும் பண்ணுக்கும் உள்ள உறவு பழையது. கிரேக்க மெய்யியலாளரான பைதகரசின் வழியினர் இசை இடைவெளிகளை எண்விகிதங்களாகக் கண்டனர். 1843 ஆம் ஆண்டில், சார்ள்ஸ் பாபேஜ் திட்டமிட்ட கணிப்பொறி பற்றிய தமது குறிப்புகளில் ஏடா லவ்லேஸ் ஓர் அரிய கருத்தை முன்வைத்தார். ஒலிகளுக்கிடையிலான உறவுகளை அப்பொறிக்கு ஏற்ற வகையில் எடுத்துரைக்க முடியுமாயின், அது எத்துணைச் சிக்கலான இசையையும் ஆக்கவல்லதாகும் என்பதே அது. அப்பொறியோ அப்போது கட்டப்படவே இல்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின், 1957 இல், இலினோய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹில்லரும் ஐசாக்சனும் கணனி கொண்டு நரம்பிசைக் கருவிகள் நான்கிற்கான ஓர் ஆக்கத்தை நிறைவுசெய்தனர். அதற்கு அக்கணனியின் பெயராலேயே இலியாக் தொகுப்பிசை எனப் பெயரிட்டனர்.

நம்மவரிடையேயும் இத்தகைய தேட்டம் இருந்தது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரான விபுலாநந்த அடிகள் விஞ்ஞானமும் பயின்றவர். வழக்கொழிந்துபோன யாழையும் அதன் இசையையும் கணக்கின் துணைகொண்டு மீட்டெடுக்க முயன்று, 1947 இல் 'யாழ் நூல்' என்னும் பெருநூலை வெளியிட்டார். தன் செவி கேட்டறியாத இசையை எண்ணின் வழியே அணுகிய அவரது முயற்சி, கணனியோடு இசை தேடும் இற்றைநாள் மாணவனுக்கு ஒரு முன்மாதிரி எனலாம். கருவியைப் பயன்படுத்தியவராயினும், அவர் கருவிக்கு ஏற்ப இசையை வெட்டிக் குறைக்கவில்லை; இசைக்கு ஏற்பவே தம் கணக்கை விரித்துச் சென்றார். இவ்வேறுபாடு இக்கட்டுரைக்கு முக்கியமானது.

ஏனெனில், எக்கருவியும் வெறுங்கையோடு வருவதில்லை. அதனை ஆக்கியோரின் பழக்கமும் அதனுள்ளே பதிந்திருக்கும். 1983 இல் இசைக்கருவிகளையும் கணனிகளையும் ஒன்றோடொன்று இணைப்பதற்கென மிடி என்னும் பொது நியமம் வகுக்கப்பட்டது. அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் 0 முதல் 127 வரையான முழுவெண்களுள் ஒன்று வழங்கப்படுகின்றது. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே வழமையாக அமைவது ஐரோப்பியப் பியானோவின் ஓர் அரைச்சுரமாகும். சுருதியை வளைப்பதற்கான வழியும் அதில் உண்டு என்பது மெய்யே. ஆனால் பியானோவின் சுரம் நேர்வழியாகவும், நமது கமகம் விதிவிலக்காகவும் அங்கே அமைந்துவிடுகின்றன. எவருடைய இசை இயல்பானது, எவருடையது விலகலானது என்ற தீர்ப்பை, ஒரு சொல்லும் கூறாமலே அந்நியமம் வழங்கிவிடுகின்றது.

பாலித் தீவின் கமலான் இசையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்கு வெண்கலத் தகடுகளைக் கொண்ட கருவிகளை இணையிணையாகச் செய்வர். ஓர் இணையின் இரு கருவிகளும் ஒரே சுரத்தில் அமைவதில்லை. ஒன்று மற்றையதிலும் சற்றே உயர்ந்திருக்கும். இரண்டையும் ஒருங்கே தட்டும்போது, பௌதிகவியலார் அடிப்பு என்று கூறும் அதிர்வு தோன்றி ஒலி மினுங்குகின்றது. இதனை அவர்கள் 'ஓம்பாக்', அதாவது அலை என்பர். அலையில்லாத ஒலி அவர்களுக்கு உயிரற்ற ஒலி. முதன்முறை கேட்போருக்கோ சுருதி பிசகியது போலத் தோன்றும். இவ்வொலிப்பதிவுகளிற் சிலவற்றைக் கணனியில் இட்டு, ஓர் இணையின் இரு ஒலிகளினதும் மீடிறனை அளப்பதற்கு ஒரு சிறு நிரல் எழுதிப் பார்த்தேன். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் செக்கனுக்கு ஏழுக்கு அண்மித்திருந்தது. தொடர்ந்து வேறு சுரங்களை அளந்தபோதும் அவ்வித்தியாசம் பெரிதும் மாறவில்லை. பிசகு என்று எண்ணத்தக்கது பேணப்பட்ட ஓர் ஒழுங்கு என்பது அப்போது தெளிவாயிற்று. அதன்பின் அவ்விசையைக் கேட்டபோது என் செவியும் அதனை அலையாகவே கேட்டது. கணனி எனக்கு அளித்த இன்பங்களுள் இதனைப் பெரிதாக மதிக்கிறேன். அயலிசையைத் தன் அளவுகோலால் அளக்கத் தூண்டும் பொறியே, அந்த அளவுகோல் பொருந்தாது என்பதைக் காட்டவும் வல்லது. எதற்கு அதனைப் பயன்படுத்துகிறோம் என்பது நம்மைப் பொறுத்தது.

இனி, இவ்விசை நம்மிடம் வரும் வழியை நோக்குவோம். இன்று புதிய இசையைப் பெரும்பாலும் நாம் தேடிக் காண்பதில்லை. அது நமக்குத் தெரிந்தெடுத்துத் தரப்படுகின்றது. ஸ்பொட்டிபை என்னும் இசைச்சேவை, 2015 முதல் திங்கட்கிழமைதோறும் முப்பது பாடல்களைப் பயனர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தெரிந்தளிக்கத் தொடங்கியது. இத்தகைய முறைகளின் அடிப்படை எளியது. நீ கேட்டவற்றை வேறு எவரெவர் கேட்டனர், அவர்கள் கேட்டவற்றுள் நீ கேளாதன எவை என்று கணனி ஒப்புநோக்குகின்றது. பழக்கமில்லாததைத் தருவதாகக் கூறினும், அது பழக்கத்தின் நீட்சியையே தருகின்றது.

ஓர் ஆட்சேபம் இங்கு எழலாம். முன்னர் வானொலி அறிவிப்பாளரும் ஆசிரியரும் நண்பரும் நமக்காகத் தெரிவுசெய்யவில்லையா? அவர்கள் செய்ததைப் பொறி செய்தால் மட்டும் குற்றமாகுமா? இவ்வாட்சேபம் வலிதே. இரசனைத் தீர்ப்புப் பற்றி ஆராய்ந்த ஜேர்மன் மெய்யியலாளர் கான்ற், 1790 இல் வெளியான தமது நூலில், ஒன்று அழகியது என்ற தீர்ப்பைப் பிறர் சாட்சியத்தை ஏற்று வழங்க முடியாது. தானே அனுபவித்து வழங்கவேண்டும் என வாதிட்டார். ஆதலால் எவர் அறிமுகஞ் செய்தார் என்பது பொருட்டன்று. தீர்ப்பு என்னுடையதாக இருந்தாற் போதும் எனலாம்.

ஆனால் வேறுபாடு ஒன்று உளது. நண்பன் ஒரு பாடலைத் தரும்போது ஏன் தந்தாய் என்று அவனைக் கேட்கலாம். இது உனக்கு இப்போது பிடிக்காது, ஆயினும் பொறுத்துக் கேள் என்று அவன் கூறக்கூடும். நல்லாசிரியர் எவரும் மாணவனுக்குப் பிடித்ததை மட்டும் கற்பிப்பதில்லை. பொறியோ நம் விருப்பையே தன் இலக்காகக் கொண்டது. அச்சேவையில் ஒரு பாடல் முப்பது செக்கன் ஒலித்தாற் போதும். அது ஒருமுறை கேட்கப்பட்டதாகக் கணக்கில் ஏறிவிடும். முப்பது செக்கனில் ஓர் ஆலாபனை தன் இராகத்தின் வாசற்படியைக்கூடத் தாண்டியிராது. அத்தகைய கணக்குக்குப் பழகிய செவி, அயலிசைக்கு வேண்டிய பொறுமையை மெல்ல இழந்துவிடும். தானே அனுபவித்துத் தீர்ப்பு வழங்கவேண்டும் என்ற கான்றின் நிபந்தனை, அனுபவிக்கப் போதிய காலம் இருக்கவேண்டும் என்பதையும் உள்ளடக்கியதன்றோ?

இதுவரை கூறியவை கேட்போன் தனக்குத்தானே ஆற்றவேண்டிய கடன் பற்றியவை. பாடியவருக்கு ஆற்றவேண்டிய கடன் இதனினும் கடுமையானது. இதனை ஒரு தாலாட்டின் வரலாறு நன்கு விளக்கும்.

1970 அளவில், சொலமன் தீவுகளைச் சேர்ந்த மலைற்றாத் தீவில், ஹியூகோ செம்ப் என்னும் இசையியலாளர் பேகு மக்களின் இசையைப் பதிவுசெய்தார். அவற்றுள் அபுனக்வா என்னும் பெண் பாடிய தாலாட்டொன்றும் அடங்கும். பெற்றோரை இழந்த குழந்தையைத் தேற்றும் பாடல் அது. அப்பதிவு யுனெஸ்கோவின் இசைத்தட்டுத் தொகுதியில் வெளியாயிற்று. 1992 இல் டீப் ஃபொரஸ்ற் என்ற பெயரில் இயங்கிய பிரெஞ்சு இசைக்கலைஞர் இருவர் அக்குரலை எடுத்து, இலத்திரனியல் தாளத்தோடு கோத்து ஒரு பாடலாக வெளியிட்டனர். அது உலகெங்கும் புகழ்பெற்றது. அவ்வாறு பயன்படுத்தத் தாம் இசையவில்லை என்று செம்ப் பின்னர் எழுதினார். அந்த இசைத்தட்டு மத்திய ஆபிரிக்கக் காட்டு மக்களின் பெயரோடு உலாவியமையால், அத்தாலாட்டும் ஆபிரிக்காவினது என்றே பலர் கருதினர். 1996 இல் நோர்வே நாட்டு இசைக்கலைஞர் யான் கார்பரெக் அம்மெட்டை வாசித்துத் தம் இசைத்தட்டிற் சேர்த்தபோது, அதன் தலைப்பிலும் அவ்வாபிரிக்க மக்களின் பெயரே இடம்பெற்றது. ஸ்ரீவன் ஃபெல்ட் என்னும் அறிஞர் இவ்வரலாறு முழுவதையும் ஆராய்ந்து 2000 ஆம் ஆண்டில் எழுதினார்.

பசுபிக் தீவொன்றின் பெண் பாடிய தாலாட்டு, இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் வேறொரு கண்டத்தினதாகிவிட்டது. குரல் உலகைச் சுற்றியது, பெயர் பின்தங்கிவிட்டது.

இசை என்றும் ஊர்விட்டு ஊர் சென்றதன்றோ என்று கேட்கலாம். 1889 இல் பாரிஸ் நகரப் பொருட்காட்சியில் யாவா நாட்டுக் கமலானைக் கேட்ட டெபூசியும் அதனால் பயன்பெற்றவரே. ஆனால் அவர் கேட்டது அவரது சிந்தையை மாற்றியது. மாறிய சிந்தையிலிருந்து தம் இசையைத் தாமே ஆக்கினார். ஒருவரிடம் கற்பது வேறு; அவர் குரலையே பெயர்த்தெடுப்பது வேறு. குரல் என்பது மரத்திற் பழுத்த கனியன்று. அது ஓர் ஆளினது மூச்சு. மனிதரை வெறுங்கருவியாக மட்டும் நடத்தலாகாது என்ற அறக்கோட்பாட்டை ஏற்போமாயின், அவரது குரலைப் பெயரற்ற மூலப்பொருளாக நடத்துவதையும் ஏற்க முடியாது.

அவ்வாறாயின் இப்பொறிகளை முற்றாக ஒதுக்கிவிடலாமா? கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1909 இல் வெளியான தமது கட்டுரைத் தொகுதியில் கிராமபோனைக் கண்டித்து எழுதினார். உயிருள்ள கலைஞரின் இடத்தை யந்திரம் பறித்துக்கொள்ளும் என்ற அவரது அச்சம் பொருளற்றதன்று. எனினும் அவரோடு முழுமையாக உடன்படல் அரிது. ஒலிப்பதிவு இல்லையேல் அபுனக்வாவின் குரலை நாம் கேட்டிருக்கவே மாட்டோம். அவர் பெயரை மறைத்த அதே தொழில்நுட்பம், மூலப்பதிவைத் தேடிக் கேட்கவும், அவர் பெயரை அறியவும் இன்று எவருக்கும் வழிசெய்திருக்கின்றது. தேடுவதா, விடுவதா என்பதே வினா. அறியாமல் முதன்முறை கேட்டவன்மீது குற்றஞ் சுமத்துதல் முறையன்று. அறிய வழியிருந்தும் அறிய முனையாதவனை அவ்வாறு விடுவிக்க முடியுமா? வழி எளிதாகுந்தோறும் கடப்பாடு கூடுகின்றது என்றே கருதவேண்டியுள்ளது.

தமிழில் விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பதே முதற்பொருள். புதிதாய் வந்தவரை அச்சொல்லாற் குறித்தனர் நம் முன்னோர். முன்னறியாதவர் என்பதே அவரை வரவேற்பதற்குரிய காரணமாயிற்று. அயலிசையும் இப்பொருளில் நம் வாசலுக்கு வரும் விருந்தே. வந்தவரின் பெயரும் ஊரும் கேட்டறிகிறோம். அமரச் செய்கிறோம். அவர் பேச்சு நம் பேச்சைப் போலில்லை என்பதற்காக அரை நிமிடத்தில் எழுப்பி அனுப்புவதில்லை. அவர் கொண்டுவந்ததை நமதென்று எடுத்துக்கொள்வதுமில்லை. இந்நான்கையும் இசைக்கும் பொருத்திப் பார்த்தால், கேட்போனின் கடப்பாடு எதுவென்பது தெளிவாகும்: பாடியவர் எவர், எந்நாட்டினர் என அறிய முயல்தல்; முழுமையாகக் கேட்டல்; தன் அளவுகோலால் விரைந்து தீர்ப்பளியாமை; உரியவரை மறவாமை.

இவை இன்பத்தைக் குறைக்கும் கட்டுப்பாடுகள் அல்ல. கமலானின் அலையை அலையென்று அறிந்தபின் கிடைத்த இன்பம், அறியுமுன் கிடைத்ததினும் பெரிது. அத்தாலாட்டைப் பாடியவரின் பெயரை அறிந்து கேட்போனுக்கு, அது முன்னிலும் ஆழ்ந்தே ஒலிக்கும். அறிவுக்கும் இரசனைக்கும் பகையில்லை. கணனி நமக்கு வாசலைத் திறந்துவிட்டிருக்கின்றது. வாசல் திறந்திருப்பதனாலேயே வீடு விருந்தோம்பும் வீடாகிவிடாது. அதற்கு உள்ளிருப்போர் எழுந்து வரவேண்டும்.