தன்னைத் தானே தண்டித்தல் தகுமா?

சாட்சியை விசாரியாமல் பிறர்க்குத் தண்டனை விதித்தல் அதர்மம் என்பதை யாவரும் ஒப்புவர். ஆயின், மனச்சோர்வு நோயால் வாடும் ஒருவர், "நான் எதற்கும் பயனற்றவன், இனி எனக்கு நன்மையே இல்லை" என்று தமக்குத் தாமே தீர்ப்புக் கூறிக்கொள்ளும்போது, அதற்குச் சாட்சி யாது என்று கேட்பவர் அரியர். அவ்வினாவையே சிகிச்சையாக்கியவர் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் (1921–2021).

பிலடெல்பியா நகரில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், ஃபிராய்டின் வழியில் பயின்றவர். அடக்கிய சினமே தன்மேல் திரும்பிச் சோர்வாகிறது என்பது அவ்வழியினர் கொள்கை. அதனை நிறுவ விரும்பி நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்த பெக், அவற்றில் சினத்தினும் இழப்பும் தோல்வியுமே மிகுந்திருக்கக் கண்டார். எனவே 1960களில், நோயாளியின் மனத்தில் தாமாக எழும் எண்ணங்களின்பால் கவனத்தைத் திருப்பினார். இவ்வாறு வளர்ந்ததே அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை.

நண்பர் ஒருவர் வீதியில் பேசாமல் சென்றால், "என்னை வெறுக்கிறார்" என்று சோர்ந்த மனம் உடனே முடிவு செய்கிறது. அவ்வெண்ணத்தை எழுதி, அதற்குச் சார்பான சான்றும் எதிரான சான்றும் யாவை, வேறு காரணம் இருக்கலாமா என்று மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து ஆராய்வர். கைவிட்ட அன்றாடக் காரியங்களைச் சிறிது சிறிதாக மீண்டும் தொடங்குவதும் இதில் அடங்கும். 41 நோயாளிகளைக் கொண்டு நடந்து 1977இல் வெளியான ஆய்வில், இம்முறை இமிப்ரமின் என்னும் மருந்தினும் மிகுந்த பலன் தந்தது. பின்வந்த ஆய்வுகள் பல, இரண்டும் ஏறத்தாழ ஒத்த பலன் தருவதாகக் காட்டின. கடும் நோய்க்கு இரண்டையும் சேர்த்து அளிப்பதுமுண்டு.

எண்ணத்தைத் திருத்த இயலுமாயின், இதுவரை திருத்தாதது நோயாளியின் குற்றமன்றோ எனச் சிலர் வினவலாம். கால் முறிந்தவர் பயிற்சியால் மீண்டும் நடப்பதனால், முன்பு நடவாதிருந்தது சோம்பல் என்று எவரும் கூறார். இதுவும் அத்தகையதே.

இச்சிகிச்சை வீண் புகழ்ச்சியும் அன்று. மகவை இழந்தவரின் துயரத்தைப் பொய்யென்று அது கூறாது. செய்த தவற்றையும் மறைக்காது. ஒரு தவற்றால் வாழ்வு முழுதும் பாழ் என்னும் முடிவையே அது விசாரணைக்கு உட்படுத்துகிறது.

ஆதலின், சோர்ந்தவரிடம் "தைரியமாய் இரு" என்று உபதேசித்து அகல்வதைவிட, அவர் சொல்வதைப் பொறுமையுடன் கேட்டு, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் சுற்றத்தார் கடமை. உயிரைத் துறக்கும் எண்ணத்தை அவர் வெளியிட்டால், அதற்கு ஒரு நாளும் தாமதித்தல் ஆகாது.