விடைகொடுப்பதிலும் அறம் உண்டு

2016 ஏப்ரல் 13 அன்று, லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ஸ்டேப்பிள்ஸ் சென்டர் அரங்கில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் தம் கடைசி ஆட்டத்தை ஆடினார். வயது 37. யூட்டா ஜாஸ் அணிக்கு எதிராக 50 முறை கூடையை நோக்கிப் பந்தை எறிந்தார். 60 புள்ளிகள் குவித்தார். பின்தங்கிக் கிடந்த லேக்கர்ஸ் அணியை 101-96 என்ற கணக்கில் கரையேற்றினார். அரங்கமே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. அந்த ஆரவாரத்தில் முழுமனதோடு கலக்கவும் முடியாமல், விலகி நிற்கவும் முடியாமல் தவித்த ரசிகர்களும் உண்டு. அவர்களால் 2003-ஐ மறக்க முடியவில்லை.

அந்தத் தவிப்பு இன்னும் ஓயவில்லை. 2020 ஜனவரியில் ஹெலிகாப்டர் விபத்தில் பிரையன்ட் இறந்த அன்று, பழைய வழக்கைப் பற்றிய செய்தி ஒன்றைச் சமூக வலைதளத்தில் பகிர்ந்தார் வாஷிங்டன் போஸ்ட் நிருபர் ஒருவர். அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. பத்திரிகையும் அவரைத் தற்காலிகமாகப் பணியிலிருந்து விலக்கி வைத்தது. நடந்ததை நினைவூட்டுவதே குற்றமாகிவிடும் அளவுக்கு ஒருவரின் புகழ் வளரலாமா?

கூடாது என்பதே அறத்தின் விடை. திறமையை வியப்பதில் குற்றமில்லை. வியப்பின் பெயரால் மறதியைக் கேட்பதுதான் குற்றம்.

நடந்தது என்ன? 2003-இல் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காகக் கொலராடோ சென்ற பிரையன்ட், தங்கிய ஓட்டலில் தம்மைப் பாலியல் வன்கொடுமை செய்தார் என்று அங்கே வேலை பார்த்த 19 வயதுப் பெண் புகார் கொடுத்தார். சம்மதத்துடன் நடந்தது என்றார் பிரையன்ட். 2004 மே 11 அன்று பகலில் ஈகிள் நகர நீதிமன்றத்தில் குற்றச்சாட்டை மறுத்தவர், அன்றிரவே லாஸ் ஏஞ்சலஸ் திரும்பி ஸ்பர்ஸ் அணிக்கு எதிராக 42 புள்ளிகள் எடுத்தார். அதை மன உறுதிக்குச் சான்றாகப் பலர் கொண்டாடினார்கள்.

அந்தப் பெண்ணுக்குக் கொண்டாட ஓர் அரங்கம் இல்லை. திறந்த நீதிமன்றத்தில் அவர் பெயரைப் பிரையன்டின் வழக்கறிஞர் பலமுறை சொன்னார். மூடிய அறை விசாரணைக் குறிப்புகளை நீதிமன்றமே தவறுதலாகப் பத்திரிகைகளுக்கு அனுப்பிவிட்டது. அவரைக் கொல்வதாக மிரட்டியவர்கள் கைதானார்கள். கடைசியில் சாட்சி சொல்ல அவர் முன்வராததால், 2004 செப்டம்பரில் வழக்கு கைவிடப்பட்டது. அன்று வெளியிட்ட அறிக்கையில் பிரையன்ட் மன்னிப்புக் கேட்டார். தாம் சம்மதம் என்று நம்பியதை அந்தப் பெண் அப்படிக் கருதவில்லை என்பதை ஒப்புக்கொண்டார். உரிமையியல் வழக்கு 2005-இல் சமரசத்தில் முடிந்தது.

சட்டம் தண்டிக்காத ஒருவரைக் குற்றவாளி என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை என்பார்கள். உண்மைதான். பிற்காலத்தில் அவர் பெண்கள் கூடைப்பந்துக்குத் துணை நின்றதும் உண்மை. ஆனால் தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது வேறு, நடந்ததையே சொல்லாமல் இருப்பது வேறு.

நம் முன்னோர் இதில் தெளிவாக இருந்தார்கள். வேண்டியவர், வேண்டாதவர் என்று பாராமல் சீர்தூக்கும் துலாக்கோலைச் சான்றோருக்கு அணியாக்கினார் வள்ளுவர். பிரையன்ட் வென்ற ஐந்து கோப்பைகளை ஒரு தட்டில் வைத்துவிட்டு மறு தட்டைக் காலியாக விடுகிறவர் சீர்தூக்கவில்லை. குணத்தையும் குற்றத்தையும் சேர்த்தே ஆராயச் சொல்வதும் அதே வள்ளுவர்தான். சிலப்பதிகாரத்தில் ஒற்றைச் சிலம்போடு வந்தவள் துணையற்ற பெண்; அவள் முறையீட்டைக் கேட்டவன் நாடாளும் மன்னன். தவறு தன்னுடையது என்று தெரிந்த கணத்தில் அவன் உயிரையே விட்டான். நள்ளிரவில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டிய பிழைக்காகத் தன் கையைத் தானே வெட்டிக்கொண்ட பொற்கைப் பாண்டியன் கதையையும் அந்தக் காப்பியமே சொல்கிறது. கன்றை இழந்த பசுவுக்கு நீதி வழங்கிய மனுநீதிச் சோழன், தேரோட்டிச் சென்றவன் இளவரசன் ஆயிற்றே என்று தயங்கவில்லை. வலியவனின் பெருமை எளியவரின் முறையீட்டை அமுக்கிவிடக் கூடாது என்பதே இவை அனைத்தும் சொல்லும் பாடம்.

இறந்தவரைப் பற்றித் தீயது பேசலாகாது என்று சிலர் குறளின் வாய்மை அதிகாரத்தையே துணைக்கு அழைக்கலாம். தீங்கில்லாத சொல்லையே அது வாய்மை என்கிறது என்பார்கள். தீங்கு யாருக்கு என்று கேட்க வேண்டாமா? மௌனத்தால் புகழுக்குக் காவல் கிடைக்கலாம். புகார் கொடுத்தவருக்கோ அது இரண்டாவது தண்டனை. இனிமேல் புகார் கொடுக்க நினைக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அது எச்சரிக்கை.

எனவே ரசிகர்களே, உங்கள் மனம் இரண்டுபட்டிருந்தால் வெட்கப்படாதீர்கள். மனசாட்சி விழித்திருப்பதன் அடையாளம் அது. அவசரப்பட்டு அதைத் தூங்க வைத்துவிடாதீர்கள். 2006-இல் ஒரே ஆட்டத்தில் அவர் எடுத்த 81 புள்ளிகளைப் பற்றி உங்கள் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லுங்கள். அதே வாயால், அதே தெளிவோடு, 2003-ஐயும் சொல்லுங்கள். நாளை அவர்களுடைய நாயகன் மீது ஒரு பெண் புகார் சொல்லும்போது, முதலில் அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க அவர்கள் கற்றிருக்க வேண்டும்.