பெட்டிக்குள் ஒரு துடைப்பம்

என் மகளுக்கு நாலரை வயசு முடிந்திருந்தது. திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். அவளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது, கடற்கரைச் சாலைப் பக்கம் குடியிருக்கும் தோழி ஒருவர், "பள்ளிக்கூடமே வேணாங்க, வீட்லயே வச்சுச் சொல்லிக்கொடுங்க" என்றார். தன் பிள்ளைக்கு வாங்கிய மாண்டிசோரிப் பெட்டி ஒன்று சும்மா கிடக்குது என்று கொண்டுவந்தும் கொடுத்தார். நல்ல மனசோடுதான் கொடுத்தார். மணிகள், மரக்கட்டைகள், விரலால் தடவிப் பழக சொரசொரப்பான எழுத்துகள், தண்ணீர் ஊற்றிப் பழக இரண்டு குட்டிக் குவளைகள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சின்னத் துடைப்பம்.

மகள் வேறு எதையும் தொடவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கூடத்தைப் பெருக்க ஆரம்பித்தாள். என் அம்மா ஓடிவந்து அதைப் பிடுங்கினார். "நாங்க பெருக்கனது போதும். இத கத்துக்கறதுக்கா எம் பேத்திக்குப் பாடம்?" என்றார். குழந்தை அழுதது. நான் யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் நின்றேன்.

மாண்டிசோரி அம்மையார் 1907இல் தன் முதல் 'குழந்தைகள் வீட்டை'த் தொடங்கியது பணக்காரர் தெருவில் அல்ல. ரோம் நகரத்தின் சான் லொரென்சோ என்கிற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில். பெருக்குவது, துடைப்பது, கழுவுவது எல்லாம் அவருக்குப் பாடம்தான். கை பழகும், கவனம் நிற்கும், தன் காரியத்தைத் தானே செய்கிற தெம்பு வரும் என்பது அவர் கணக்கு. 1939இல் அடையாறுக்கு வந்தவர், போர் காரணமாக இங்கேயே தங்கிப் பல ஆண்டுகள் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் சொன்னதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. உழைப்பைக் கேவலமாக நினைக்காத குழந்தை வளரணும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன்.

அம்மா சொன்னதிலும் தப்பு இல்லை. நாலாம் வகுப்பு படிக்கும்போது, மற்ற பிள்ளைகள் வருவதற்கு முன்னால் வந்து வகுப்பைப் பெருக்கணும் என்று எங்களில் ஐந்து பேருக்கு உத்தரவு. ஐந்து பேரும் சேரிப் பிள்ளைகள். யாரும் சாதி பேரைச் சொல்லவில்லை. "நீங்க நல்லா பெருக்குவீங்க" என்றுதான் சொன்னார்கள். அது பாராட்டு என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன். அது என்ன என்று புரிய எனக்குப் பல வருஷம் ஆனது.

'வீட்டிலேயே கல்வி' என்பது தோழிக்குப் புதுசு. நமக்குப் புதுசல்ல. 1953இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரத்தை மூன்று மணியாகச் சுருக்கி, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. அதைக் குலக்கல்வித் திட்டம் என்று பேர் சொல்லி எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் வந்ததும் அது கைவிடப்பட்டது. அந்தத் திட்டப்படி மாமல்லபுரத்துச் சிற்பி வீட்டுப் பிள்ளை வீட்டுக்குப் போனால் கையில் உளி வரும். புத்தகம் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்குப் புத்தகம் வரும். எங்க தாத்தா ஒரு ஆண்டையிடம் படியாளாக இருந்தவர். அவர் பிள்ளை வீட்டுக்குப் போனால் கையில் என்ன வரும்? ஆக, வீடு என்பது எல்லாருக்கும் ஒரே வீடு அல்ல. வீட்டில் படி என்று நம்மிடம் சொல்கிறவர்கள் எந்த வீட்டை மனசில் வைத்துச் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இன்றைக்கு என் வீட்டில் புத்தகம் இருக்கிறதே, நான் படித்தவள்தானே, இனி என்ன பயம் என்று கேட்கலாம். இங்கேதான் எனக்குள் இழுபறி. அம்பேத்கர் கோணிச் சாக்கைக் கொண்டுபோய்த் தனியாக உட்கார்ந்து படித்த கதை எல்லாருக்கும் தெரியும். இதே மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்தபோது, தன் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் உடன் படித்தவர்களோடு பழகாமல் ஒதுங்கியே இருந்ததைத் தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். மணி அடிக்கும்வரை வெளியே எங்கேயாவது இருந்து படிப்பார். பள்ளி விட்டதும் யாரும் கூட வந்துவிடாதபடி வேகமாக வீட்டுக்கு நடப்பார். அந்த நடையை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. என் மகள் அப்படி நடக்க வேண்டுமா? ஒரு சமூகக் கொள்கைக்காக நாலரை வயசுக் குழந்தையைக் காயத்துக்கு அனுப்ப எனக்கு என்ன உரிமை?

சட்டமும் இந்த வயசைப் பெற்றவர்கள் தலையிலேயே விட்டிருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயசைப் பற்றிப் பேசுகிறது. ஆறுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்கு அரசு 'முயலும்' என்பதோடு அரசமைப்பு நின்றுவிடுகிறது. ஆகவே இந்த இரண்டு வருஷம் என் முடிவு. எந்தப் பாடம், யார் சொல்வது என்று நானே தேர்ந்தெடுக்கலாம்.

உட்கார்ந்து ஒரு பாடத்திட்டம் எழுதியும் பார்த்தேன். எழுத்து, எண், பாட்டு. மழலைப் பள்ளிக்குப் பாட்டுப் புத்தகம் வெளியிட்டவர்களில் ஒருவர் பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா, பள்ளி ஆசிரியராக இருந்து, பாடநூல்கள் எழுதி, ஒடுக்கப்பட்டோரின் தலைவராக ஆனவர். அவர் பேரை அவள் என் மடியில் கேட்பாள். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர் மக்களின் நிலைமையை அறிக்கையாக எழுதியதையும், 1892இல் பஞ்சமி நில ஆணை வந்ததையும், காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான ஜான் தாமஸ், ஏழுமலை பேரையும் வளர வளரச் சொல்வேன். இதையெல்லாம் எந்தப் பள்ளிக்கூடமும் என்னைவிட நன்றாகச் சொல்லிவிடாது. நாம் யார் என்பதை அவள் வசவாகக் கேட்பதற்கு முன்னால் வரலாறாகக் கேட்கட்டும். இது வீட்டின் வேலை. இதைத் தள்ளிப்போடக்கூடாது.

ஆனால் துடைப்பம் என்ற பாடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அதை வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? பெருக்குவது கேவலமில்லை என்று வாயால் சொல்லலாம். ஆனால் அது உண்மையாவது அவள் பெருக்குவதால் அல்ல, அடுத்த நாள் அதே துடைப்பத்தை இன்னொரு பிள்ளை எடுப்பதால். ஊர்த்தெருப் பிள்ளையும் குப்பத்துப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் முறைவைத்து எடுத்தால் அது கல்வி. அவள் ஒருத்தி மட்டும் எடுத்தால் அது சாதி. துடைப்பம் ஒன்றுதான்; பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என் வீட்டில் அந்தப் பக்கத்துப் பிள்ளை இல்லை. எவ்வளவு நல்ல பெட்டி வாங்கினாலும் அந்தப் பிள்ளை அதற்குள் வராது.

என் மகள் வீட்டிலேயே இருந்தால் காயப்பட மாட்டாள் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் அவளுடன் உட்காராத அந்த இன்னொரு பிள்ளை எதைக் கற்றுக்கொண்டு வளரும்? பத்து வருஷம் கழித்து இருவரும் எங்கேயாவது சந்திக்கத்தான் வேண்டும். சீனிவாசன் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார். மறுநாள் திரும்பவும் போனார். வீடு அவருக்கு நிழல் கொடுத்தது. உலகத்தைக் கொடுக்க வீட்டால் முடியவில்லை.

அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்தில் இருக்கிற மழலை வகுப்பில் அவளைச் சேர்த்தோம். சேர்க்கிற அன்றைக்கு ஆசிரியையிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "பெருக்கறதுக்கு முறைப் பட்டியல் இருக்குதுங்களா?" என்பதுதான். "சின்னப் பிள்ளைங்க என்னங்க பெருக்கப் போவுது, ஆயா இருக்காங்க" என்று அவர் சிரித்தார். "பொம்மையை எடுத்து வைக்கிறதுக்காவது எல்லாப் பிள்ளைங்க பேரும் போட்டு ஒரு பட்டியல் ஒட்டுங்க டீச்சர்" என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். ஏன் கேட்கிறேன் என்று புரிந்ததா தெரியவில்லை. பத்து நாள் கழித்துப் போனபோது சுவரில் பட்டியல் இருந்தது.

அனுப்பிவிட்டுப் பொறுப்பு முடிந்தது என்று நான் நினைக்கவில்லை. அவள் சாயங்காலம் வீட்டுக்கு வருகிற நடையைத் தினமும் பார்க்கிறேன். வேகமாக வருகிறாளா, மெதுவாக வருகிறாளா என்று. என்றைக்காவது வேகமாக வந்தால் மறுநாள் காலை நானும் அவளோடு போவேன். தனியாகப் போக மாட்டேன், நாலு தாய்மார்களைக் கூட்டிக்கொண்டு போவேன்.

துடைப்பம் இன்னும் கூடத்து மூலையில் இருக்கிறது. இப்போது வீட்டிலும் முறை வைத்திருக்கிறோம். முதல் முறை என் கணவருக்கு. அம்மா அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தார்.