சிட்டி செய்தால் பாவம் யாருக்கு?

ஏஐ பற்றி நம் இளைஞர்களிடம் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி, "அது ஒருநாள் நம்மளையே அழிச்சிடுமா?" என்பதுதான். இந்தப் பயம் பாடப்புத்தகத்திலிருந்து வந்ததல்ல, சினிமாவிலிருந்து வந்தது. 1984இல் 'டெர்மினேட்டர்' காட்டிய சிவப்புக் கண், 2010இல் 'எந்திரன்' காட்டிய சிட்டி. நம் மனதில் ஏஐக்கு இருக்கும் முகம் இவைதான். எனக்கும் அப்படித்தான். இன்றைக்கும் ஏஐ என்றதும் முதலில் நினைவுக்கு வருவது சிட்டியின் அந்தச் சிரிப்பு.

ஆகவே சிட்டியிலிருந்தே தொடங்குவோம்.

சிட்டி செய்த அட்டகாசம் எல்லாருக்கும் நினைவிருக்கும். அதற்கு முன்னால் நடந்ததைத்தான் மறந்துவிடுகிறோம். தீப்பிடித்த கட்டடத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைச் சிட்டி அப்படியே தூக்கிவந்து கூட்டத்தின் நடுவில் நிறுத்துகிறது. உயிரைக் காப்பாற்றத் தெரிந்த அதற்கு, மானம் என்றால் என்னவென்று தெரியாது. அவமானம் தாங்காமல் ஓடிய அந்தப் பெண் வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். பிறகு சிட்டிக்கு உணர்ச்சியைக் கொடுத்தவர் வசீகரன். கோபத்தில் அதை வெட்டிக் குப்பையில் போட்டவரும் அவரே. அழிவு வேலைக்கான சிவப்புச் சிப்பைப் பொருத்தியவர் போரா. கடைசியில் நீதிமன்றம் பிரித்துப் போடச் சொன்னது யாரை? சிட்டியை!

இந்தப் படத்தின் வசனத்தில் பங்குள்ள எழுத்தாளர் சுஜாதா, 1980களில் ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' என்ற தொடரை எழுதினார். அவர் கற்பனை மட்டும் செய்தவரல்ல. பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்து, இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்குவதில் பங்கெடுத்தவர். அவர் கதையில் ஜீனோ என்ற இயந்திர நாய் வருகிறது. அது புத்தகம் படிக்கும், கிண்டலும் செய்யும். நாட்டை ஆளும் ஜீவாவோ வெறும் ஒளிப் பிம்பம். பின்னாலிருந்து ஆட்டுவிப்பவர்கள் மனிதர்கள். அந்தக் கதையில் இயந்திரம் நண்பன். இயந்திரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் மனிதன்தான் ஆபத்து.

நம் ஆட்கள் உடனே பஸ்மாசுரன் கதையைச் சொல்வார்கள். கொடுத்தவன் தலையிலேயே கை வைக்கத் துணிந்தான் அல்லவா, ஏஐயும் அப்படித்தான் என்பார்கள். ஒரு வித்தியாசம் இருக்கிறது. பஸ்மாசுரன் ஓர் உயிர். அவனுக்கு ஆசை இருந்தது, தவம் இருந்து வரத்தைக் கேட்டு வாங்கினான். ஏஐ எந்த வரத்தையும் கேட்கவில்லை. கேட்டவர்கள் நாம்.

சைவ சித்தாந்தம் இங்கே நமக்குத் துணைநிற்கிறது. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் ஆகிய நான்கையும் அந்தக்கரணங்கள் என்கிறோம். இவை மாயையிலிருந்து தோன்றியவை, சடப்பொருள்கள். அறிவது உயிர். இவை உயிருக்குக் கருவிகள். அதாவது நம் புத்தியே ஒரு கருவிதான். அப்படியிருக்க, ஓர் இயந்திரம் கணக்குப் போடுகிறது, கவிதை எழுதுகிறது என்பதற்காக அதற்கு உயிர் வந்துவிட்டதாக நாம் அதிர வேண்டியதில்லை. வினை உயிரைச் சேரும், கருவியைச் சேராது. கத்திக்குப் பாவமில்லை.

"ஏஐ தானாவே கத்துக்குதே, அது என்ன சொல்லும்னு செஞ்சவங்களுக்கே தெரியாதே, அப்புறம் எப்படி அவங்க பொறுப்பு?" என்று ஒரு தம்பி கேட்கலாம். நியாயமான கேள்வி. பழக்காத காளையைச் சந்தைக்குள் அவிழ்த்துவிட்டவன், "அது எந்தப் பக்கம் ஓடும்னு எனக்கே தெரியாது" என்றால் நாம் விடுவோமா? தெரியாது என்பதே அவன் பொறுப்பைக் கூட்டுகிறது. பதஞ்சலியின் யோக சூத்திரம் தீமையை மூன்று வகையாகப் பிரிக்கிறது: தானே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, உடன்பட்டிருப்பது. ஏஐ காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான பிரிவு வேண்டுமா?

ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். அரசு உதவித்தொகை பெற்றவர்களின் ஆண்டு வருமானத்தைக் கணினி சராசரி போட்டு, "நீங்கள் அதிகம் வாங்கிவிட்டீர்கள், திருப்பிக் கட்டுங்கள்" என்று தானாகவே கடிதம் அனுப்பியது. சில மாதம் வேலை, சில மாதம் சும்மா என்று இருப்பவர்களுக்குச் சராசரி எப்படிப் பொருந்தும்? லட்சக்கணக்கானோர் தலையில் இல்லாத கடன் விழுந்தது. மக்கள் அதற்கு வைத்த பெயர் 'ரோபோடெட்', ரோபோ கடன். அந்த ரோபோவுக்குச் சிவப்புக் கண் இல்லை, துப்பாக்கி இல்லை. 2023இல் வந்த விசாரணை ஆணைய அறிக்கை கணினியைக் குற்றம் சொல்லவில்லை. அமைச்சர்களையும் அதிகாரிகளையும் கண்டித்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் ஜார்ஜ்டவுன் சூலியா தெருப் பக்கம் நடந்து பாருங்கள். தமிழ் முஸ்லிம் வணிகர்களான சூலியாக்களின் பெயர் கொண்ட தெரு அது. அந்த வட்டாரத்துக் காசு மாற்றும் கடையில் கால்குலேட்டரைத் தட்டித்தான் கணக்குப் பார்ப்பார்கள். பணம் குறைந்தால் நாம் யாரைக் கேட்போம்? கடைக்காரரைத்தான். "மெஷின் தப்பா காட்டிடுச்சு" என்று சொன்னால் ஏற்போமா? பேர் சம்பாதித்த கடைக்காரர் அப்படிச் சொல்லவும் மாட்டார். இந்தப் பழைய கடைத்தெரு நியாயம்தான் ஏஐக்கும் வேண்டும்.

'ரோபோ' என்ற சொல்லின் பிறப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். 1920இல் செக் எழுத்தாளர் காரல் சாபெக் எழுதிய நாடகத்தில்தான் அது முதலில் வந்தது. மூலச்சொல் 'ரொபோட்டா'. பொருள், கட்டாய உழைப்பு. இது நமக்கு அந்நியமான சொல்லா என்ன? இன்டெல் 1972இல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைத் தொடங்கியது நம் பினாங்கில். இன்று பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் சிப் சோதிக்கும் வேலையில் நம் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அந்தக் கரையை ஒட்டிக் கடலில் தெரியும் ஜெரெஜாக் தீவில்தான், கப்பலில் வந்த நம் முன்னோர் பலரை நோய்ப் பரிசோதனைக்காகத் தங்கவைத்தார்கள். பிறகு தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். அங்கே அவர்களின் கை மட்டும் தேவைப்பட்டது. அவர்களுக்கும் மனசாட்சி உண்டு என்று யாரும் நினைக்கவில்லை.

அவர்களை ரோபோவாக நடத்தியவர்கள் பிறர். இன்று நாமே விரும்பி ரோபோவாகிறோம். எப்போது தெரியுமா? "சிஸ்டம் அப்படி சொல்லுது, நான் என்னா பண்றது?" என்று சொல்லும் அந்த நொடியில். இயந்திரம் மனிதனாகிவிடுமோ என்று சினிமா நம்மைப் பயமுறுத்தியது. மனிதன் இயந்திரமாவதை நாம் கவனிக்காமல் விட்டுவிட்டோம்.

அதனால் தம்பி, தங்கைகளே, ஏஐயைப் பயன்படுத்துங்கள், பயப்படாதீர்கள். அது எழுதித் தந்த கட்டுரையை ஆசிரியரிடம் கொடுத்தால் பொய் சொன்னது நீங்கள், ஏஐ அல்ல. அலுவலகத்தில் ஒருவரின் விண்ணப்பத்தைக் கணினி தள்ளிவிட்டால், அந்தக் கோப்பை ஒருமுறை நீங்களே திறந்து படியுங்கள். ஒரு பெண்ணின் போலிப் படம் வாட்ஸ்அப்பில் வந்தால், செய்தவன் வேறு யாரோ என்று அனுப்பிவிடாதீர்கள். உடன்பட்டவனுக்கும் பங்கு உண்டு என்று பதஞ்சலி எப்போதோ சொல்லிவிட்டார். கருவி எதுவானாலும், வினைக்கணக்கு நம் பேரில்தான் எழுதப்படுகிறது.